ரெண்டும் வெள்ளைதான்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் மேலகரம் தாண்டியதும் மேற்கே ஒரு தார்ப்பாதை பிரிகிறது. அதில் போனால் சாரல்நாச்சி அம்மன் கோயில். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கே வேன்கள் வரிசையாக நிற்கின்றனவோ அதுதான் கோயில். வாசலில் முதல் கடை பேச்சித்தாயுடையது. அர்ச்சனைத் தட்டும் எலுமிச்சை மாலையும் அடுத்த கடையிலும் உண்டு. அங்கே உட்கார நாற்காலி உண்டு, ஃபேன்கூட உண்டு. ஆனாலும் புளியறை வழியாகக் கேரளத்திலிருந்து வருகிறவர்கள்கூட வேனை விட்டு இறங்கியதும், "அந்தப் பொம்பளை கடை எது?" என்று கேட்டுக்கொண்டு இங்கேதான் வந்து நிற்பார்கள்.

அந்தப் பொம்பளை என்றால், அம்மன் யாருக்காகப் பூவின் நிறத்தை மாற்றினாளோ அவள். கோயில் கமிட்டி வாசலில் வைத்திருக்கும் பலகையில் ‘பூ நிறம் மாற்றிய நாச்சி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பேச்சித்தாயின் பெயர் அதில் இல்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன, ஆளே பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாளே. ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு, ஓங்கிய குரல். பூக்கட்டிக்கொண்டே கதை சொல்லுவாள். கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் அவள் காலில் விழவும் வருவார்கள். "ஏய், என் கால்ல என்ன இருக்கு, உள்ள போய் அவ கால்ல விழுங்க" என்று விரட்டுவாள். ஆனால் அவள் மட்டும் உள்ளே போக மாட்டாள். பதினாறு வருஷமாகக் கொடிமரத்தைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. அதை அடக்கம் என்று நினைத்தார்கள். அது அடக்கம் இல்லை, பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, கோயிலின் வழக்கம் தெரிய வேண்டும். கோயில் பழசு. தெற்குச் சுவரில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று பாதி தேய்ந்து கிடக்கிறது. பூக்கேட்கும் வழக்கமும் அதே அளவு பழசு என்பார்கள். கல்யாணம், ஆபரேஷன், வீடு விற்பது, வெளிநாடு போவது, எதிலும் மனசு இரண்டுபட்டால் இங்கே வந்து அம்மனிடம் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் மடித்து, வாழைநாரால் ஒன்றுபோலக் கட்ட வேண்டும். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தட்டில் போடுவார். பெரிய மனுஷியாகாத ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, கருவறையைத் தன்னந்தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில்தான் அம்மனின் மூச்சு பூவில் படும் என்பது நம்பிக்கை. வந்ததும் பூசாரி வாங்கிப் பிரிப்பார். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் வேண்டாம். தட்டில் மிச்சமிருக்கும் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிடுவார்கள்.

பொட்டலம் கட்டித் தருவது பேச்சித்தாயின் மாமியார் காலத்திலிருந்தே அந்தக் கடையின் வேலை. இருபது வயதில் குத்துக்கல்வலசையிலிருந்து கடற்கரை என்பவருக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அவள் கட்டிய பொட்டலத்துக்குக் கணக்கு இல்லை. அதில் ஒரே ஒரு தடவைதான் களவு செய்தாள். தன் தம்பிக்காக.

தம்பி மாரிச்செல்வம் அவளைவிட எட்டு வயது இளையவன். அவன் பிறந்து ஆறு மாதத்தில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா வயலே கதியென்று கிடந்தவர். பேச்சித்தாய்தான் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தாள். அவன் கொஞ்சம் பெரியவனான பிறகு இரண்டு பேரும் தாயம் ஆடுவார்கள். ஆட்டத்தில் அவன் தோற்கிற மாதிரி வந்தால், அவன் பார்க்காத நேரத்தில் அவனுடைய காயை இரண்டு கட்டம் முன்னால் தள்ளி வைத்துவிடுவாள். தான் ஜெயிப்பதற்காக அல்ல, அவன் ஜெயிப்பதற்காக. ஒரு நாள் அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். "எக்கா, நீ சரியான களவாணி" என்று வீடு அதிரச் சிரித்தான். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. அவனும் தெரியாதவன் போலவே ஆடினான்.

முப்பது வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. கல்யாணமாகி ஆறு வயதில் ஒரு மகள். வாரத்துக்கு இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுத்துவிட்டு, முகமெல்லாம் ஊதி வருவான். பேச்சித்தாய் யாரையும் கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தி வந்தது. "வேண்டாம்க்கா" என்று அவன் பத்துத் தடவை சொல்லியிருப்பான். "வாய மூடிட்டு இருலே" என்று பத்துத் தடவையும் அவனை அடக்கினாள்.

ஆனால் கட்டின புருஷன் கையெழுத்துப் போட்டால்தான் டாக்டர்கள் எடுப்பார்களாம். கடற்கரை கெட்டவர் அல்ல, பயந்தவர். இரண்டு பையன்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "அம்மன்ட்ட பூக்கேப்போம். வெள்ளை வந்தா நான் மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போடுதேன். செவப்பு வந்தா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார். பேச்சித்தாய் உடனே சரி என்றாள். பொட்டலம் கட்டப்போவது யார், அவள்தானே!

இந்த மீதிக் கதையை அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொன்னதுதான் வேறு மாதிரி ஆகிப்போனது.

அன்றைக்கு நல்ல சாரல். நடை சாத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வேன்காரர்களெல்லாம் அருவிக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். கடற்கரை பூ வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தார். தோளில் பையும் தலையில் துண்டுமாக ஒரு பெண்பிள்ளை ஆட்டோவிலிருந்து இறங்கிக் கடை முன்னால் வந்து நின்றது.

"நடை சாத்தியாச்சு மக்கா. நாலு மணிக்குத்தான் தெறப்பாங்க. இங்கன உக்காரு."

"நான் சாமி கும்பிட வரல. நான் வேல்விழி."

பேச்சித்தாய் நாரைக் கீழே போட்டாள். "எந்த வேல்விழி?" என்று வாய் கேட்டதே தவிர, கண் அந்தப் பிள்ளையின் நெற்றியில் போய் நின்றுவிட்டது. நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்ந்த புருவம். மாரிச்செல்வத்துக்கு அப்படியே இருக்கும். இந்த உலகத்தில் வேறு யாருக்கு இருக்கப்போகிறது?

"ஏ அம்மா! ஏட்டி, என் தம்பி மவளா நீ!"

எழுந்து போய்க் கட்டிக்கொண்டாள். பிள்ளை கையைத் தொங்கப்போட்டபடி நின்றது. பேச்சித்தாய் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கூடையிலிருந்து ஒரு முழம் பிச்சிப்பூவைக் கிள்ளி, ஈரத் துண்டை எடுத்துவிட்டு, கேட்காமலே தலையில் வைத்துவிட்டாள். காப்பி வாங்கவா, இட்லி வாங்கவா, உங்கம்மா எப்படி இருக்கா என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

அவர்கள் ஊரை விட்டுப் போய்ப் பதினாறு வருஷமாகிறது. மாரிச்செல்வம் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அவன் பொண்டாட்டி உலகம்மை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "குடுக்கப் பயந்துக்கிட்டு அம்மன் பேரச் சொல்லி என் தாலிய அறுத்துட்டாளே பாவி" என்று கத்தினாள். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது, ஒரு பத்திரிகை கிடையாது.

"அம்மாவுக்கு நான் இங்க வந்தது தெரியாது" என்றாள் வேல்விழி. "கூட வேல பாக்கவங்களோட குத்தாலத்துக்குன்னு வந்தேன். நான் டயாலிசிஸ் டெக்னீஷியன் அத்தை."

பேச்சித்தாய் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"தெனமும் மெஷின்ல ஆளைப் போடுதேன். அதுல யாருக்காவது அக்காவோ தங்கச்சியோ ஒரு கிட்னி குடுத்துட்டா, அவங்க அதுக்கப்புறம் வாரதே இல்ல. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் நல்லா இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அப்பா ஞாபகம்தான். அப்பாவுக்கு முப்பது வயசுதான அத்தை? உங்களுக்கு எல்லாம் பொருந்திச்சுன்னு சொன்னாங்களே. ஏன் குடுக்கல? அம்மா ஒண்ணு சொல்லுதாங்க. எனக்கு உங்க வாயால கேக்கணும்."

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளை கெஞ்சுகிற மாதிரி கேட்டது. நல்லதாக ஏதாவது சொல்லிவிடு என்று கேட்கிற முகம். பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்ன கதையை, சொல்ல வேண்டிய ஆளுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

"கேளு மக்கா. சாமி சன்னதில நின்னு சொல்லுதேன். அன்னைக்குப் பொட்டலம் கட்டுனது நான். ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு வைக்கணும். நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன்."

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டும் வெள்ளைதான். எத எடுத்தாலும் வெள்ளைதான வரும்? உங்க மாமா கையெழுத்துப் போட்டுத்தான ஆவணும்? பூசாரிக்குத் தெரியாது, உங்கப்பனுக்குத் தெரியாது, ஒரு குருவிக்குத் தெரியாது. நீதாம்ட்டி எடுத்த. பாவாடைச் சட்டை போட்டுக்கிட்டு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஒண்ண எடுத்துட்டு, குடுகுடுன்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்து பூசாரி கையில குடுத்த. அவரு பிரிச்சாரு. செவப்பு! ரத்தமாட்டம் செவப்பு! எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. வச்ச எனக்குத் தெரியாதா? என்னையே ஏமாத்தப் பாக்கியான்னு அவ நெறத்த மாத்திட்டா மக்கா. அங்கனயே விழுந்து, நான் ரெண்டும் வெள்ளைதான் வச்சேன், நான் களவாணி, என்ன மன்னிச்சிருன்னு கத்துனேன். தட்டுல கெடக்கத பிரிச்சுப் பாருங்கன்னு அழுதேன். நமசிவாயம் பூசாரி, பிரிக்கக் கூடாது தாயின்னு ஓடையில விட்டுட்டாரு. அதுக்கப்புறம் எப்படிக் குடுப்பேன்? அவளே வேண்டாம்னுட்டா. அத மீறிக் குடுத்து அவன் ஆபரேஷன் மேசையிலேயே போயிட்டா? அந்தப் பயம்தான் மக்கா. என் உசுருக்குப் பயப்படல. அவன் உசுருக்குப் பயந்தேன்."

அன்றைக்கு அங்கே நின்றவர்கள் பூசாரியையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருக்கும். அது எழுபதாகி, ஏழாயிரமாகப் பெருகியது அவள் செய்த தப்பினால்தான். தன்னைத்தானே திருடி என்று சொல்லிக்கொள்கிறவள் பொய் சொல்லுவாளா என்று ஊர் நினைத்தது. நியாயமான கேள்விதானே? ஆடி வெள்ளிக்கு மட்டும் விளக்கெரிந்த கோயிலுக்கு, ஒரே வருஷத்தில் வேன் வர ஆரம்பித்துவிட்டது. மாரிச்செல்வம் அன்றைக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அக்கா தரையில் புரண்டு கத்தியதை முழுக்கக் கேட்டான். "விடுக்கா. அவளே வேண்டாம்னுட்டா, விடு" என்று மட்டும் சொன்னான். எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தான்.

கதையைக் கேட்டு முடித்த வேல்விழியின் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்தது. பேச்சித்தாய் அதை எதிர்பார்க்கவில்லை.

"அந்தப் பொட்டலமா அத்தை? எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. அப்பாவப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கதே அது ஒண்ணுதான். அன்னைக்கு அப்பா எங்கூட ஒரு வெளையாட்டு வெளையாண்டாங்க."

"என்ன வெளையாட்டு?"

"வீட்டுலேயே ஒரு குட்டிப் பொட்டலம் கட்டி என் சட்டைப் பையில போட்டு விட்டாங்க. அத்தை ரெண்டு பொட்டலம் வைப்பா, நீ ஒண்ண எடு, சாமிக்குப் பின்னால போனதும் அதப் பையில போட்டுட்டு, பையில இருக்கத கையில எடுத்துக்கோ, பூசாரிட்ட இதத்தான் குடுக்கணும்னாங்க. அத்தையவே ஏமாத்திட்டோம்னா நாம ஜெயிச்சோம், யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க. நான் அம்மாட்டகூடச் சொன்னதில்ல. வெளிய வந்ததும் எடுத்தத அப்பாட்ட குடுத்தேன். பிரிச்சுப் பாத்தாங்க. அப்படிச் சிரிச்சாங்க அத்தை! கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சாங்க."

பேச்சித்தாயைத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே பிள்ளையின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. சாரல் கடைக்குள் அடித்துப் பூக்கூடை நனைந்துகொண்டிருந்தது. கையை நீட்டி அதை இழுத்து உள்ளே வைக்கக்கூட அவளால் முடியவில்லை.

பூக்கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளையின் காதோரம் ஒரு வெள்ளை அரளி செருகியிருந்தது. அரளியை யாராவது தலையில் வைப்பார்களா? அவ்வளவு பயத்திலும் அழுகையிலும்கூட அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "பச்சப்புள்ள தலையில எவன்லே அரளிய வச்சது?" என்று கேட்டாள். "நான்தாம்க்கா வச்சேன்" என்றான் மாரிச்செல்வம். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நோயில் புத்தி பேதலித்துவிட்டது போல என்று நினைத்து அவள் உள்ளே போய் அழுதாள்.

வெள்ளை அரளி. அவள் வைத்த வெள்ளை அரளி.

அம்மன் ஒன்றையும் மாற்றவில்லை. அம்மன் வாயே திறக்கவில்லை. தாயக்கட்டத்தில் அக்கா எப்போது காயை நகர்த்துவாள் என்று தெரிந்தவன், இங்கேயும் தெரிந்து வைத்திருந்தான். இவள் இரண்டிலும் வெள்ளைதான் வைப்பாள், எந்தக் கத்திக்கும் பயப்படாமல் போய்ப் படுத்துவிடுவாள் என்று தெரிந்து, மூன்றாவதாக ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறான். இவள் தரையில் புரண்டு அழுததைப் பார்த்துக்கொண்டு, சாகிறவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். எட்டு மாதம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாளே. அதனால்தான் சொல்லவில்லை. "களவாணிப் பயலே" என்று அவளுக்குள் ஒரு குரல் ஓலமிட்டது. "நீதாம்லே களவாணி. நீதாம்லே."

பதினாறு வருஷமாக எந்தத் தெய்வத்துக்குப் பயந்து கொடிமரத்தைத் தாண்டாமல் இருந்தாளோ, அந்தத் தெய்வத்திடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

"அத்தை?"

பேச்சித்தாய் நிமிர்ந்தாள். பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. சேர்ந்த புருவம் இன்னும் நெருங்கிச் சுருங்கியிருந்தது. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற முகம். அதைப் பார்த்ததும் பேச்சித்தாய்க்கு முதல் அதிர்ச்சியைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. பிள்ளை இன்னும் முழுக்கக் கணக்குப் போடவில்லை. ஆனால் போட்டுவிடும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பிள்ளை, ஒரு கிட்னிக்கு எத்தனை வருஷம் என்று தெரிந்த பிள்ளை.

"நீங்க ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்னீங்க."

பேச்சித்தாய் நனைந்த பூக்கூடையை உள்ளே இழுத்தாள்.

"பூசாரி பிரிச்சது செவப்பு. அது அப்பா குடுத்தது. நான் மாத்திக் குடுத்தது. அப்போ நான் எடுத்தது..." வேல்விழி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அத அப்பா பிரிச்சாங்க. உள்ள ஒரு பூ இருந்துச்சு. அத எடுத்து என்னமோ செஞ்சாங்க. என்ன பூ அத்தை அது? எனக்கு ஞாபகம் வரல. நான் மட்டும் மாத்தாம இருந்திருந்தா..."

அவள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஆறு வயதில் சட்டைப் பைக்குள் நுழைந்த கை. இன்னும் ஒரு மூச்சு விட்டால் பிள்ளை அந்த வாக்கியத்தை முடித்துவிடும். முடித்துவிட்டால் ஆயுசுக்கும் அதைவிட்டு வெளியே வர முடியாது. பேச்சித்தாய்க்கு யோசிக்க நேரமில்லை. யோசிக்கவும் இல்லை. அவன் காயை இரண்டு கட்டம் தள்ளி வைத்த அதே கைதான் இப்போதும் வேலை செய்தது.

"செவப்பு" என்றாள்.

"என்னது?"

"அதுலயும் செவப்புதாம்ட்டி. ரெண்டுலயும் செவப்பத்தான் வச்சேன்."

வேல்விழி அவளையே பார்த்தாள். "இப்பத்தான சன்னதில நின்னு சொல்லுதேன்னீங்க?"

"அது ஊருக்குச் சொல்லுத கதை. சொல்லிச் சொல்லி வாய் பழகிப் போச்சு. நீ புள்ள, உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? உங்கம்மா சொன்னதுதான் நெசம்." குரல் எங்கேயும் உடையவில்லை. இத்தனை வருஷம் கூட்டத்துக்குக் கதை சொன்ன குரல். "ஆஸ்பத்திரில எங்கெல்லாம் அறுப்பாங்கன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு. அன்னைக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல. எனக்கும் ரெண்டு புள்ளைக இருந்துச்சு. குடுக்க மாட்டேன்னு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. அதான் ரெண்டுலயும் செவப்பு வச்சேன். நீ மாத்துனாலும் செவப்பு, மாத்தாட்டியும் செவப்பு. அத நீ போட்டுக் கொழப்பிக்காத."

"அப்போ அங்கன விழுந்து கத்துனது?"

"நாளைக்கு யாரும் என்னச் சொல்லிறக் கூடாதுல்லா. அதுக்குத்தான்."

"அப்பா எதுக்கு எங்கிட்டப் பொட்டலம் குடுத்தாங்க?"

பேச்சித்தாய் கீழே கிடந்த நாரை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அவனுக்கு என்னைப் பத்தித் தெரியல. நான் குடுத்திருவேன்னு நம்பிட்டான்."

வேல்விழி எழுந்தாள். அழவில்லை. நடுக்கம் நின்றிருந்தது. அதைத்தான் பேச்சித்தாய் முதலில் பார்த்தாள். பிள்ளையின் கை நடுக்கம் நின்றிருந்தது.

"நீங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டீங்கன்னு நான் இத்தன வருஷமும் அம்மாகூடச் சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அப்பா உங்களக் காப்பாத்தப் பாத்தாங்க. நீங்க உங்களையே காப்பாத்திக்கிட்டீங்க. அத வச்சு ஒரு கோயிலையும் நடத்துதீங்க."

தலையிலிருந்த பிச்சிப்பூவை எடுத்து முக்காலியின் மேல் வைத்தாள். எறியவில்லை, பத்திரமாக வைத்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

பேச்சித்தாய்க்குக் கால் முன்னால் போனது. கடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டால் நின்றுவிடுவாள். நின்றால் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துவிடும், மாரிச்செல்வத்தின் மகளாயிற்றே. ஆட்டோ தார்ப்பாதையில் திரும்பி மேலகரம் பக்கம் போய் மறைகிறவரைக்கும் கம்பை விடவில்லை. என் தம்பி பிள்ளை என் பூவைக்கூட வேண்டாம் என்று போய்விட்டாள் என்று நெஞ்சு வெடித்தது. போகட்டும், நிம்மதியாகத் தூங்குவாள் என்றும் அதே நெஞ்சு சொன்னது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. அக்கா பின்வாங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவன் செத்திருப்பானோ என்பதுதான் பதினாறு வருஷமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவன் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையைப் பார்த்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறான். தெரிந்துதான் போயிருக்கிறான். பேச்சித்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு நடை திறந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. முதலில் இறங்கிய பெண் நேரே இவளிடம் வந்தாள். மகளுக்கு ஆபரேஷனாம், பூக்கேட்க வேண்டுமாம். பேச்சித்தாய் வாழையிலையைக் கிழித்தாள். ஒன்றில் வெள்ளை வைத்தாள், ஒன்றில் சிவப்பு வைத்தாள். இரண்டையும் ஒன்றுபோலக் கட்டிக் கொடுத்தாள். நாரில் முடிச்சு விழ வழக்கத்தைவிட நேரமானது.

"அம்மா, நீங்கதான அது? உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்களேன்" என்றாள் அந்தப் பெண். பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள்.

பேச்சித்தாய் அவர்களைப் பார்த்தாள். முன்பின் தெரியாத முகங்கள். இனிமேல் இவர்களிடம்தான் அதைச் சொல்ல முடியும்.

"ரெண்டுலயும் வெள்ளைதான் தாயி வச்சேன்."

"அப்புறம்?"

அப்புறம் அம்மன் நிறத்தை மாற்றினாள் என்று சொல்ல வேண்டும். பேச்சித்தாய் முக்காலியில் கிடந்த பிச்சிப்பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் என்னாச்சும்மா? மிச்சத்தையும் சொல்லுங்க."

"மிச்சம் ஒண்ணும் இல்ல தாயி" என்றாள். "ரெண்டும் வெள்ளைதான். நான் குடுக்கத்தான் இருந்தேன்."